மாங்கூழ் ஆலையும் வணிகச் செய்திதான்

ஆசிரியருக்கு,

மாணவர்களுக்கான வணிக இதழியல் பயிற்சி குறித்த தங்கள் கட்டுரையைப் படித்தேன். வணிகச் செய்தி என்றாலே மும்பைப் பங்குச் சந்தைதான் என்ற எண்ணம் அதிலும் தெரிந்தது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகள், மாங்கூழ்த் தொழிற்சாலைகள், ராயக்கோட்டை தக்காளி மண்டி எனக் கிருஷ்ணகிரி மாவட்டமே நல்ல பயிற்சிக் களம். இங்கு மாந்தோப்பு வைத்திருக்கும் எனக்கு, கூழுக்குப் போகும் பெங்களூரா மாம்பழ ரகத்துக்கு ஆலைகள் எப்படி விலை வைக்கின்றன என்று விளக்கும் ஒரு செய்திகூட இதுவரை படிக்கக் கிடைக்கவில்லை. விலை சரிந்து பழத்தைச் சாலையில் கொட்டும் படம் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது!

உள்ளூர்க் கல்லூரிகளின் வணிகவியல் மாணவர்களை மே முதல் ஜூலை வரையிலான மா அறுவடைக் காலத்தில் நாளிதழ்கள் பயிற்சிக்கு எடுக்கலாம். ஒரு நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பை வாசிக்கக் கற்றுத்தந்து, பயணப்படியுடன் உதவித்தொகையும் வழங்க வேண்டும்.

- வாசகர், போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்.