சுளுக்குதானே என்று விட்டதில்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. உன் வாலிபால் அணிப் பையன் பந்தைத் தடுக்க எம்பி, வலைக்கு அடியில் எதிராளியின் பாதத்தின் மேலேயே இறங்கிக் கணுக்காலைப் பிரட்டிக்கொண்டான் என்று படித்ததும் என் வலது கால் கூசியது. எனக்கும் அப்படித்தானே ஆயிற்று! ஸ்பிரே அடித்து, "சுளுக்குதான், ஆடு" என்று உள்ளே தள்ளினார்கள். நானும் வீறாப்பாக ஆடித் தொலைத்தேன். அந்த வருடமே இன்னும் மூன்று தடவை மடங்கியது. இன்றைக்கும் படி இறங்கும்போது கண் தரையை விட்டு அகலாது.

எக்ஸ்ரே வேண்டுமா என்று கேட்டிருந்தாய். கனடாவின் ஒட்டாவாவில் 1992-இல் இதற்கென்றே ஒரு விதி வகுத்தார்கள். கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்புகளின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் வலிக்கிறதா? அடிபட்டவுடனும் சரி, மருத்துவர் பார்க்கும்போதும் சரி, நொண்டியாவது நான்கு அடி வைக்க முடியவில்லையா? இரண்டில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதத்தின் நடுப்பகுதி வலித்தால் அங்கேயும் அழுத்திப் பார்க்க இரண்டு இடங்கள் உண்டு, அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

எலும்பு தப்பியிருந்தால் அடிவாங்கியது பெரும்பாலும் வெளிப்பக்க எலும்புக்கு முன்னால் இருக்கும் லிகமென்ட்தான், அதாவது எலும்பை எலும்போடு பிணைக்கும் நார். அது முழுதாகக் கிழிந்திருக்கிறதா என்பது முதல் நாள் வீக்கத்தில் சரியாகப் பிடிபடாது. நான்கைந்து நாள் கழித்து இன்னொரு முறை காட்டு, அப்போது சோதித்தால்தான் தெளிவாகத் தெரியும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதற்கு அப்புறம் வருவதை. லிகமென்ட் வெறும் கயிறு இல்லை சேகர். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் அதில் இருக்கின்றன. அது கிழியும்போது அந்தச் செய்தியும் தடுமாறிப்போகிறது என்று ஃப்ரீமன் என்ற எலும்பு மருத்துவர் 1965-லேயே எழுதிவிட்டார். நாம் ஆடிய காலத்தில் நம்மிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. வலி போனால் கால் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம்.

2009-இல் நெதர்லாந்தில் கணுக்கால் சுளுக்கிய 522 விளையாட்டுக்காரர்களை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சைதான். ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாக எட்டு வாரம், வீட்டிலேயே, மேற்பார்வை இல்லாமல் சமநிலைப் பயிற்சி. ஒரு வருடத்துக்குள் மறுபடி சுளுக்கியவர்கள் பயிற்சி செய்தவர்களில் 22 சதவீதம், மற்றவர்களில் 33 சதவீதம். ஒற்றைக் காலில் நிற்பது, அப்புறம் கண்ணை மூடி நிற்பது, ஆடும் பலகையில் நின்றுகொண்டே பந்தைப் பிடிப்பது என்று இந்த மாதிரிப் பயிற்சிகள்தான். பையன்களுக்குச் சலிப்பாகத்தான் இருக்கும். அதனால்தான் இரண்டாம் வாரமே விட்டுவிடுகிறார்கள்.

வலி நின்றதும் அவனை இறக்கிவிடாதே. அடிபட்ட காலில் மட்டும் குதித்துத் தள்ளாடாமல் இறங்குகிறானா, ஓடும்போது சட்டென்று திரும்ப முடிகிறதா என்று பார். வரப்போகும் போட்டி முக்கியம் என்று எழுதியிருக்கிறாய். நம்மையும் அப்படிச் சொல்லித்தான் இறக்கினார்கள்.

நானும் இந்த வயதில் பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கிறேன். இடது காலில் கம்பீரமாக நிற்கிறேன், வலதில் பத்து எண்ணுவதற்குள் சுவரைப் பிடித்துவிடுகிறேன். நீ எத்தனை வரை எண்ணுகிறாய் என்று எழுது, பொய் சொல்லாமல்.

அன்புடன்,
மணி