பலூன் மாட்டினால் எடை ஏன் குறைகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாணவர் பக்கத்தில், வேதிவினையில் மொத்தப் பொருண்மை மாறாது என்ற பொருண்மை அழியா விதிக்கு வினிகர், சமையல் சோடா செய்முறை வந்திருந்தது. பாட்டில் வாயில் பலூனை மாட்டிவிட்டால் வாயு வெளியேறாது, எடையும் மாறாது என்று எழுதியிருந்தீர்கள். முதல் பாதி சரி. எடை மாறும், 0.1 கிராம் வரை காட்டும் தராசே காட்டிக்கொடுத்துவிடும்.

84 கிராம் சோடாவிலிருந்து 44 கிராம் கார்பன் டைஆக்சைடு வரும். 2 கிராம் போட்டால் சுமார் 1 கிராம் வாயு. 30 டிகிரி வெப்பத்தில் அது ஏறக்குறைய 600 மில்லி இடம் பிடிக்கும். பலூன் அவ்வளவு உப்பும்போது அதே அளவு காற்றை ஒதுக்கிவிட்டு நிற்கிறது. அந்தக் காற்றின் எடை 0.7 கிராம், அவ்வளவு எடையைச் சுற்றியுள்ள காற்று தாங்கிக்கொள்ளும்; இதுதான் மிதப்பு விசை. கிணற்றுத் தண்ணீருக்குள் இருக்கும்வரை குடம் கனக்காததும் இதனால்தான். ஆக, ஒரு அணுகூட வெளியே போகாமலே தராசில் அரை கிராமுக்கு மேல் குறைந்து தெரியும். மாணவன் விதியே பொய் என்று நினைப்பான்; இல்லையென்றால் நோட்டில் இரண்டு எடையையும் ஒன்றாக எழுதிவிடுவான்.

உப்பாத கலம் வேண்டும். 1 லிட்டர் குளிர்பானப் பிளாஸ்டிக் பாட்டில் போதும். தண்ணீர் பாட்டில் மெல்லியது. கண்ணாடி கூடவே கூடாது. 50 மில்லி வினிகர் ஊற்றி, 2 கிராம் சோடா போட்ட சிறு சோதனைக் குழாயை உள்ளே சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். மூடியை இறுக்கி எடை பாருங்கள். பிறகு கவிழ்த்துக் கலக்கி, நுரை அடங்கியதும் மறுபடி பாருங்கள், அதே எடைதான். மூடியை மெல்லத் திறந்து, 'உஸ்' அடங்கியபின் மூடியோடு சேர்த்து எடை பார்த்தால் முக்கால் கிராம் அளவுக்குக் குறையும். முழு 1 கிராம் குறையாது: வந்த வாயுவில் பாதிக்கு மேல் காற்றோடு கலந்து பாட்டிலுக்குள்ளேயே கிடக்கும்; வெளியேறுவது மீதி வாயுவும் அதோடு உள்ளிருந்த காற்றில் கொஞ்சமும்.

சோடாவைக் கூட்ட வேண்டாம். 2 கிராமுக்கே உள்ளழுத்தம் வெளிக்காற்றைப்போல ஒன்றரை மடங்கைத் தாண்டும். பேக்கிங் பவுடரும் வேண்டாம், அதில் மாவும் அமிலமும் கலந்திருப்பதால் கணக்கு உதைக்கும்.

1774-ல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் மூடிய கண்ணாடிக் கலத்தில் வெள்ளீயத்தைச் சூடாக்கியபோது நடந்தது இதற்கு நேர்மாறு. மூடியிருந்தவரை எடை மாறவில்லை. உள்ளிருந்த காற்றில் ஒரு பகுதியை வெள்ளீயம் எடுத்துக்கொண்டிருந்ததால், திறந்ததும் காற்று உள்ளே புகுந்து எடை கூடியது.

திருத்தம் போடும்போது பலூன் படத்தை எடுத்துவிடாதீர்கள். மிதப்பு விசை பாடத்துக்கு அது நல்ல செய்முறை.

– வேதியியல் ஆசிரியர் ஒருவர்