மதுரை மையத்துக்கு ஒரு ஃபைல் சர்வர் வேண்டும்: நிர்வாகக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறக்கட்டளை நிர்வாகக் குழுவினருக்கும் சென்னைத் தலைமையகக் கணினிப் பிரிவினருக்கும் வணக்கம்.

பழைய நாடக நோட்டுகளை ஸ்கேன் செய்து தட்டச்சு செய்யும் எங்கள் மதுரை மையத்தில் ஓடிக்கொண்டிருந்த ஃபைல் சர்வரை, அதாவது எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் கோப்புகள் இருந்த பொதுக் கணினியை, நிறுத்திவிட்டு எல்லாக் கோப்புகளையும் கிளவுடுக்கு, அதாவது இன்டர்நெட் வழியாக எடுக்கும் வெளியூர்ச் சேமிப்புக்கு, மாற்றியது ஏன், எப்படி என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். சர்வரில் ஒரு டிஸ்க் போனது. எல்லாமே போய்விடுமோ என்று பயந்தீர்கள். நியாயமான பயம்தான். கிளவுடு வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிளவுடோடு பேசும் ஏற்பாட்டை மாற்றி, நடுவில் உள்ளூரிலேயே ஒரு ஃபைல் சர்வர் வையுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் நடந்தது உங்கள் காதுக்கு ஒரு வரிப் புகாராக வந்திருக்கும். முழுதாகச் சொல்கிறேன்.

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ஊர் இது. ஸ்பெஷல் நாடகக்காரர்களின் வீடுகளிலிருந்து இன்னமும் எங்களுக்குப் பழைய நோட்டுகள் வந்துகொண்டிருக்கின்றன. பாதி நோட்டுகளில் ராமபாணப் பூச்சி துளை போட்டிருக்கும். சிலவற்றில் மை தாளையே தின்றிருக்கும். ஓரத்தில் பென்சிலால் ராகத்தின் பெயர் மட்டும் இருக்கும், பாட்டின் நடுவரி இருக்காது. அதை வாசிக்க ஒரு பழைய ஆர்மோனிய வாத்தியார் வருகிறார். திருமங்கலத்தில் பஸ் ஏறி பெரியார் நிலையத்தில் இறங்கி நடந்தே வருவார். துளை விழுந்த வரி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அந்த மெட்டை மெல்லப் பாடிப் பார்ப்பார். மெட்டுக்குள் உட்காரும் சொல் எது என்று பிடிபட்டதும் சொல்வார், எங்கள் தட்டச்சுப் பெண் அடிப்பார். ஸ்கேனில் இல்லாத எழுத்துகள் இப்படித்தான் எங்களுக்குக் கிடைக்கின்றன.

அன்று காலையிலிருந்து மாலை வரை அப்படிப் பாடிப் பாடி ஒரு நோட்டின் பெரும்பகுதியை முடித்தார். அதே வேர்டு கோப்பைப் பக்கத்து அறையில் இன்னொருவர், பக்க எண்களைச் சரிபார்க்க, மதியமே திறந்து வைத்திருந்தார். மாலையில் இரண்டு எண்களைத் திருத்திவிட்டு அவர் சேவ் செய்தார். வாத்தியாரய்யாவின் ஒரு நாள் வாசிப்பு முழுக்கப் போய்விட்டது. எந்தக் கம்ப்யூட்டரிலும் எச்சரிக்கை வரவில்லை. "பரவாயில்லம்மா, மறுபடி பாடிருவோம்" என்று அவர் சொன்னார். ஆனால் மறுநாள் உட்கார்ந்தபோது சில வரிகள் அவருக்கு வரவில்லை. தாளை மறுபடி மறுபடி புரட்டிப் பார்க்கவும் முடியாது, ஓரம் உதிர்கிறது.

இதற்குக் கணினிப் பிரிவிலிருந்து வந்த பதில், "இன்டர்நெட் வேகத்தைச் சரிபார்க்கவும்". ஐயா, வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

நம் கிளவுடு ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் என்ற வகை, ஒவ்வொரு கோப்பையும் ஒரே முழுப் பொருளாக வைக்கும் சேமிப்பு. எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் அடிப்படை பெரும்பாலும் ஒன்றுதான். அங்கே ஒரு கோப்பின் நடுவில் மட்டும் திருத்த முடியாது. ஒரு எழுத்தை மாற்றினாலும் முழுக் கோப்பையும் புதிதாக அனுப்பி, பழையதன் இடத்தில் வைக்க வேண்டும். ஒருவர் திறந்திருக்கிறார், இன்னொருவர் காத்திருக்கட்டும் என்று பூட்டிவைக்கிற வேலையை அது செய்யாது. கிளவுடைக் கம்ப்யூட்டரோடு இணைக்க நாங்கள் பயன்படுத்தும் ஆர்க்ளோன் மென்பொருளைக் குறை சொல்லவில்லை, நல்ல கருவி அது. ஆனால் அதை வைத்து, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் கிளவுடு ஒரு டிரைவ் போலத் தெரியும்படி தனித்தனியாக மவுன்ட் செய்து கொடுத்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கேஷ், அதாவது தற்காலிக நகல். ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்ற பட்டியலை ஆர்க்ளோன் வழக்கமான அமைப்பில் 5 நிமிடம் நினைவில் வைத்துக்கொள்ளும். அமேசானின் எஸ்3 போன்ற இந்த வகைச் சேமிப்பில், வெளியே நடந்த மாற்றத்தை அதுவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. ஒருவர் கோப்பைத் திறந்திருக்கிறார் என்று காட்ட வேர்டு பக்கத்தில் போட்டுவைக்கும் அடையாளக் கோப்புகூட அடுத்த அறைக்குச் சரியாகப் போய்ச் சேராது. கடைசியாக சேவ் செய்தவருடையதுதான் நிற்கும்.

பழைய சர்வரில், கோப்புகளை உள்ளூர் நெட்வொர்க்கில் பகிரும் சாம்பா மென்பொருள் இருந்தது. ஒருவர் கோப்பைத் திறந்திருந்தால் அடுத்தவருக்குப் 'படிக்க மட்டும்' என்று வந்துவிடும். இத்தனை காலம் நாங்கள் அதைக் கவனித்ததுகூட இல்லை, ஏனென்றால் அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

கிளவுடில் பதினொரு ஒன்பது பாதுகாப்பு, அதாவது 99.999999999 சதவீதம், என்று கூட்டத்தில் சொன்னீர்கள். சரி. அந்தக் கணக்கு அவர்கள் பக்கம் டிஸ்க் கெட்டுப்போவதைப் பற்றியது. நாமே ஒரு கோப்பின் மேல் இன்னொன்றை எழுதிவிட்டால், எழுதியதைத்தான் அத்தனை பத்திரமாக அது வைத்திருக்கும். இப்போது வாத்தியாரய்யாவின் வாசிப்பு இல்லாத கோப்பு பதினொரு ஒன்பது பாதுகாப்போடு இருக்கிறது.

படங்களின் பாடும் இதேதான். ஏ4 அளவுத் தாளை 600 டிபிஐயில் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால், சுருக்காத டிஃப் வகைப் படக்கோப்பு 100 எம்பியைத் தாண்டும். ஓரத்தை வெட்டி நேராக்கி சேவ் செய்ய, அது நம் கிளவுடு இருக்கும் மும்பையிலிருந்து வந்து மும்பைக்கே முழுதாகத் திரும்பப் போக வேண்டும். 20 எம்பிபிஎஸ் அப்லோடு முழுக்க ஒருவருக்கே கிடைத்தாலும் ஒரு பக்கத்துக்கு 40 விநாடிக்கு மேல். ஃபோல்டர் பெயரில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பும் புதுப் பெயரில் நகலாகி, பழையது அழிய வேண்டும். நடுவில் லைன் போனால் பாதி நோட்டு பழைய பெயரில், பாதி புதுப் பெயரில். விண்டோஸில் சிறுபடங்களாகக் காட்டும்படி ஃபோல்டரைத் திறந்தாலே, படங்களைக் கிளவுடிலிருந்து இழுக்க ஆரம்பித்துவிடும். உள்ளே அனுப்பப் பெரும்பாலும் காசில்லை, வெளியே எடுக்க ஜிபி கணக்கில் காசு உண்டு. பில் கூடியதற்கு மதுரை மையம் விளக்கம் தர வேண்டும் என்று கடிதம் வந்தது. விளக்கம் இதுதான்.

லைன் போவது பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே தெருவில் சாக்கடைக்கோ குழாய்க்கோ பள்ளம் தோண்டினால் முதலில் அறுவது ஃபைபர் கேபிள். அது ஒட்டப்படும் வரை, பக்கத்து மேஜையில் நேற்று ஸ்கேன் செய்த பக்கத்தைக்கூட எங்களால் திறக்க முடியாது. சென்னையில் உங்கள் அலுவலகத்துக்கு இரண்டு லைன் இருக்கிறது, ஒன்று போனால் மற்றது. அங்கே சோதித்துப் பார்த்துவிட்டு இங்கே அப்படியே போட்டுவிட்டீர்கள். முடிவெடுப்பதற்கு முன் மதுரையில் வேலை செய்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஸ்கேனர் வாங்கும்போதும் கேட்கவில்லை, நோட்டு வைக்கும் அலமாரி மாற்றும்போதும் கேட்கவில்லை. இந்த வருத்தம் எங்களுக்கு நாள்பட்டது. கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

மையத்தில் ஒரு ஃபைல் சர்வர் வையுங்கள். பழைய பெட்டி ஸ்டோர் ரூமில்தான் இருக்கிறது. டிஸ்க்குகளை மட்டும் புதிதாக வாங்கி, ஒன்று போனாலும் வேலை நிற்காதபடி ரெய்டு முறையில் சேர்த்துப் போட்டு, ஒரு யுபிஎஸ் கொடுத்தால் போதும். எங்கள் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சாம்பா வழியாக அந்த ஒரு சர்வரோடு பேசட்டும். கிளவுடோடு அந்தச் சர்வர் மட்டும் பேசட்டும். பகலில் வேலை உள்ளூர் டிஸ்க்கில் நடக்கும், இரவில் ஆர்க்ளோன் மாறிய கோப்புகளைக் கிளவுடுக்குக் கொண்டுபோகும். நீங்கள் விரும்பிய வெளியூர் நகல் உங்களுக்கும் கிடைக்கும்.

ஒரே ஒரு நிபந்தனை. அந்த இரவு ஏற்பாடு வந்தபின் சென்னையிலிருந்து யாரும் நேரடியாகக் கிளவுடில் போய் எதையும் திருத்தக் கூடாது. இங்கிருக்கும் சர்வருக்கு அது தெரியாது, மறுபடி ஒன்றின் மேல் ஒன்று ஏறும். உங்களுக்குத் திருத்தம் இருந்தால் எழுதி அனுப்புங்கள், இங்கே செய்து தருகிறோம்.

டிஸ்க் வாங்க ஒப்புதல், கொட்டேஷன் என்று நாளாகும் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்குக் காத்திருக்காமல், கோப்பின் பழைய பிரதிகளையும் கிளவுடில் வைத்திருக்கும் வெர்ஷனிங் வசதியை இன்றைக்கே போட்டுவிடுங்கள். உங்கள் திரையில் ஒரு அமைப்பை மாற்றினால் போதும். அதன்பின் யார் எதன் மேல் எழுதினாலும் பழைய பிரதி இருக்கும். இடம் கூடுகிறதென்றால், 90 நாள் கழிந்த பழைய பிரதிகள் தானாக அழியும்படி விதியும் வைக்கலாம். போடுவதற்கு முன் போனது திரும்பாது. அதனால்தான் இன்றைக்கே என்று கேட்கிறேன்.

வாத்தியாரய்யா அடுத்த நோட்டுக்கு வரும் திங்கட்கிழமை வருகிறார். அதற்குள் வெர்ஷனிங்கும், இந்த மாதக் கூட்டத்தில் சர்வருக்கு ஒப்புதலும் தந்து உதவும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மதுரை மையப் பணியாளர்கள் சார்பில்,
வாசிப்புப் பிரிவுப் பொறுப்பாளர்