அந்த இருபத்தாறு மாதங்களை எழுத ஓர் இடம் கொடுங்கள்

சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையிலும் கிண்டியிலும் அம்பத்தூரிலும் இயங்கும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் மனிதவளத் துறைத் தலைவர்களுக்கு,

மதிப்புக்குரியவர்களே, வணக்கம்.

சென்ற மாதம் உங்களில் ஒருவருடைய அலுவலகத்துக்கு வாக்-இன் நேர்முகத் தேர்வுக்காக வந்திருந்தேன். எழுத்துத் தேர்விலும் தொழில்நுட்பச் சுற்றிலும் தேறி, மூன்றாவதாக மனிதவள அலுவலர் முன் அமர்ந்தேன். அவர் என் ரெஸ்யூமில் ஒரு வரியின் மேல் பேனாவை வைத்து, "2021 செப்டம்பரிலிருந்து 2023 நவம்பர் வரை அப்பாவின் சிகிச்சைக்காக வீட்டில் இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, இதை ஏன் எழுதினீர்கள்?" என்று கேட்டார். நடந்தது அதுதான் என்றேன். அவர் கடிந்துகொள்ளவில்லை, குரலைத் தாழ்த்தி அக்கறையோடுதான் சொன்னார்: "ஃப்ரீலான்ஸ் பண்ணினதாகவோ, ஏதாவது சின்ன கம்பெனியில் இருந்ததாகவோ போட்டிருக்கலாமேம்மா. வாக்-இன் என்பதால் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். ஆன்லைனில் போட்டிருந்தால் இவ்வளவு பெரிய கேப்பை எங்கள் சிஸ்டமே தள்ளியிருக்கும்."

அதற்கு அரை மணி நேரம் முன்புதான் அதே அலுவலகத்தின் வரவேற்பறையில் ஒரு படிவத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டிருந்தேன். மேலே தந்துள்ள விவரங்கள் யாவும் உண்மை, இவற்றில் ஏதேனும் பொய்யெனத் தெரியவந்தால் எந்த நேரத்திலும் என்னைப் பணியிலிருந்து நீக்கலாம் என்பது அதிலிருந்த உறுதிமொழி. இரண்டு நாள் கழித்து, தேர்வாகவில்லை என்ற மின்னஞ்சல் வந்தது.

நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. படிப்புக்கும் வேலைக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு விண்ணப்பத்தைத் தள்ளாதீர்கள். அந்த இடைவெளிக்கான காரணத்தை எழுத உங்கள் படிவத்தில் ஓர் இடம் கொடுங்கள், எழுதியதைச் சரிபாருங்கள், பிறகு முடிவெடுங்கள்.

என் இடைவெளியில் இருந்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தபோது நான் பொறியியல் இறுதித் தேர்வு முடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தில் இருக்க வேண்டும். ஆத்தூரிலிருந்து சேலத்துக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். விடிகாலைப் பேருந்தைப் பிடித்தால்தான் முதல் ஷிப்டில் படுக்கை கிடைக்கும். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடது கையை யாரும் இடித்துவிடாதபடி அவரைச் சன்னலோரம் உட்காரவைத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்வேன். ஒரு நாளைக்கு எத்தனை மில்லி தண்ணீர் குடித்தார், இயந்திரத்தில் ஏற்றும் முன் எடை எவ்வளவு, இறங்கிய பின் எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு என்று ஒரு நீளக் குறிப்பேட்டில் 26 மாதமும் விடாமல் எழுதினேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கான தாள்களை நானே கொண்டு அலைந்தேன். அம்மா நூற்பாலையில் ஷிப்டு வேலை பார்த்தார். அவர் நின்றுவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. தம்பி பிளஸ் டூ. நான் போகாமல் வேறு யார் போயிருக்க முடியும்? அப்பா போன பிறகு சென்னைக்கு வந்து, வேளச்சேரியில் ஒரு விடுதியில் தங்கி, ஜாவாவும் தரவுத்தளமும் முறையாகப் படித்து, இதுவரை 47 இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.

உங்கள் அலுவலர் சொன்ன யோசனையை எனக்கு முதலில் சொன்னவர் அவரில்லை. விடுதித் தோழி ஒருத்தி மூலம் 'கன்சல்டன்சி' நடத்தும் ஒருவர் எனக்கு ஏற்கெனவே அறிமுகமாகியிருந்தார். ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்தால் பெங்களூரில் இரண்டு வருடம் வேலை பார்த்ததாக ஆஃபர் லெட்டர், பேஸ்லிப், ரிலீவிங் லெட்டர் எல்லாம் தருவதாகவும், இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் பி.எஃப். கணக்கிலேயே பதிவு வரும்படி செய்வதாகவும், உங்கள் ஆட்கள் தொலைபேசியில் விசாரித்தால் பதில் சொல்ல அங்கே ஒருவர் இருப்பதாகவும் சொன்னார். ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தோட்டை வெச்சிடலாம் சாமி. ஊரே அப்படித்தான் போகுதுன்னா நீ மட்டும் என்ன பண்ணுவே" என்றார். என்னை ஒரு பொய்கூடச் சொல்லவிடாமல் வளர்த்தவர் அவர்.

பணத்தைக் கொடுக்க ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த மனிதர் வேலை பார்த்த தேதிகளை நிரப்பச் சொல்லி ஒரு படிவத்தை அனுப்பினார். 2023 அக்டோபருக்கு நேராக ஏதோ ஒரு வாடிக்கையாளரின் திட்டப்பணி என்று எழுத வேண்டியிருந்தது. அந்த மாதம் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். நான் அந்த வாசலில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். அந்தக் கட்டத்தை என்னால் நிரப்ப முடியவில்லை. தப்பித்தவறி நிரப்பியிருந்தால், நாளை அலுவலகத்தில் யாராவது அப்பாவைப் பற்றிக் கேட்கும்போது அவருடைய கடைசி நாட்களில் நான் அவர் பக்கத்தில் இல்லை என்றல்லவா சொல்லியாக வேண்டும்?

நிரப்பிவிட்டவர்களையும் எனக்குத் தெரியும். அந்தத் தோழிக்கு வேலை கிடைத்துவிட்டது. பின்னணிச் சரிபார்ப்பு என்ற சொல்லோடு ஒரு மின்னஞ்சல் வந்தால் அன்று இரவு அவள் சாப்பிடுவதில்லை. 2022 நவம்பரில் அக்சென்சர் நிறுவனம், போலி ஆவணங்கள் கொடுத்துச் சேர்ந்தவர்களை இந்தியாவில் பணிநீக்கம் செய்ததாக அறிவித்த செய்தியை அவள் இன்னும் தன் கைப்பேசியில் வைத்திருக்கிறாள். போலி ஆவணம் தயாரிப்பதும் அதை உண்மையானதாகக் காட்டிப் பயன்படுத்துவதும் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 336, 340 ஆகிய பிரிவுகளின்படி குற்றம் என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் செய்தது சரியென்று நான் வாதாட வரவில்லை. பொய் சொன்னவளை உள்ளே விட்டதும் உண்மை சொன்னவளை வெளியே நிறுத்தியதும் ஒரே சல்லடைதான் என்பதை நீங்கள் பார்க்க வேண்டும் என்கிறேன்.

இடைவெளி எங்களால் மட்டுமா வந்தது? 2022-இல் கல்லூரி வளாகத்திலேயே பணி ஆணை பெற்ற பலரை, சேரும் தேதியைத் தள்ளித் தள்ளி ஓராண்டுக்கும் மேல் காத்திருக்க வைத்தவை உங்கள் துறையின் பெரிய நிறுவனங்கள்தாம். அவர்கள் வேறு இடத்தில் விண்ணப்பித்தால் அங்கேயும் இதே கேள்விதான். 2021-இல் ஒரு வங்கியின் வாக்-இன் விளம்பரத்தில், அந்த ஆண்டு தேர்ச்சி பெற்றவர்கள் தகுதியற்றவர்கள் என்றே அச்சாகி, அது தட்டச்சுப் பிழை என்று பின்னர் விளக்கம் வந்தது. பிழையாகவே இருக்கட்டும். அதைப் படித்த அன்று என் வகுப்பில் ஒருவருக்கும் அது பிழையாகத் தோன்றவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை எல்லாவற்றிலும் 60 விழுக்காடு, ஃப்ரெஷர் வேலைக்கே ஓராண்டு அனுபவம், பெண்ணாக இருந்தால் கல்யாணம் எப்போது என்ற கேள்வி என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரு குறுக்குக் கட்டை இருக்கிறது. ஒவ்வொரு கட்டைக்கும் பக்கத்தில் அதைத் தாண்டிவிடப் பணம் கேட்கும் ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார்.

கோபத்தில் கோரிக்கையைவிட்டு விலகிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். உங்களுக்கும் நெருக்கடிகள் உண்டு. பத்து இடங்களுக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் வரும்போது ஏதாவது ஓர் அளவுகோல் வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. திறமையை வைத்து அளந்து என்னைத் தள்ளினால் ஏற்றுக்கொண்டு, மறுபடி படித்துவிட்டு வருவேன். பழைய நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசி, பி.எஃப். பதிவைப் பார்த்து, பல்கலைக்கழகத்துக்கு எழுதி ஒருவருடைய அனுபவத்தைச் சரிபார்க்க உங்களால் முடிகிறது. ஒரு மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவையும் அதேபோல் சரிபார்க்க முடியும். ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன்: இடைவெளிக்காக மட்டும் தள்ளும் அந்த வடிகட்டியை எடுத்துவிடுங்கள், காரணம் எழுத ஓர் இடம் கொடுங்கள். இன்னொன்றும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன்: எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் பொய் எழுதச் சொல்ல வேண்டாம் என்று உங்கள் அலுவலர்களுக்குச் சொல்லுங்கள்.

அப்பாவின் டயாலிசிஸ் அட்டைகளும், காப்பீட்டுத் தாள்களும், நான் எழுதிய அந்த நீளக் குறிப்பேடும் ஒரே கோப்பில் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. எந்த நாள் அழைத்தாலும் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
2021-ஆம் ஆண்டுப் பொறியியல் பட்டதாரி ஒருத்தி,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.