ரிமாண்ட் உத்தரவுக்கு முன் கேட்க வேண்டியவை: தமிழ்நாட்டு நீதித்துறை நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நடுவர்களுக்கு,

வணக்கம். குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் ஆஜராகும் வழக்கறிஞர்கள் நாங்கள். கைது பற்றி உச்ச நீதிமன்றம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவருவதெல்லாம் கடைசியில் உங்கள் மேசைக்குத்தான் வந்து சேர்கிறது. ரிமாண்ட், அதாவது காவலில் வைக்கும் உத்தரவு கேட்டுக் காவலர்கள் ஆளை நிறுத்தும் அந்தச் சில நிமிடங்களில் அவை கவனிக்கப்படாவிட்டால், உயர் நீதிமன்றம் சென்று மீட்பதற்குள் அவர் பல வாரங்களைச் சிறையில் கழித்துவிடுகிறார்.

பீகாரின் பாகல்பூரில் விசாரணைக் கைதிகளின் கண்கள் குருடாக்கப்பட்ட வழக்கு 1980இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. காத்ரி வழக்கு என்று அறியப்படும் அதில் நீதிபதி பகவதி காவல்துறையை மட்டும் கண்டிக்கவில்லை. கண்ணில் காயத்தோடு நின்றவர்களிடம் 'இது எப்படி வந்தது' என்று நடுவர்கள் கேட்காததையும் குறிப்பிட்டு வருந்தினார். இலவசமாக வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு என்பதை, முதன்முறை ஆஜர்படுத்தும்போதே நடுவர் சொல்லியாக வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்புதான்.

1996 டிசம்பரில் வந்த டி.கே. பாசு தீர்ப்பு, கைதின்போது காவலர்கள் பின்பற்ற வேண்டிய 11 கட்டளைகளை வகுத்தது. அவற்றில் பல இன்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் சட்டமாகவே இருக்கின்றன. கைதின் விவரங்களை எழுதிய கைதுக் குறிப்பாணையை உங்களிடம் நீட்டும்போது மூன்று இடங்களை மட்டுமாவது நின்று பாருங்கள். முதலாவது நேரம். காலையில் 'விசாரணைக்கு' என்று அழைத்துப்போனவரை மாலையில் கைது செய்ததாக எழுதினால், கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற கணக்கு காகிதத்தில் மட்டும் சரியாக இருக்கும். 'உங்களை எப்போது அழைத்துவந்தார்கள்' என்று அவரிடமே கேட்டால் வித்தியாசம் வெளியே வந்துவிடும். இரண்டாவது சாட்சி. குடும்பத்தினர் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய நபரோ கையெழுத்திட வேண்டிய இடத்தில், அதே நிலையத்தின் வேறு வழக்குகளில் வந்த பெயரே திரும்பத் திரும்ப வருகிறதா? மூன்றாவது, உறவினருக்குத் தகவல் சொன்ன விவரம். யாருக்கு, எந்த எண்ணில், எத்தனை மணிக்கு என்பது இல்லாமல் 'தகவல் தெரிவிக்கப்பட்டது' என்ற ஒற்றை வரியை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இன்று அதிகம் தவறுவது கைதுக்கான காரணங்களில்தான். கைதானவருக்கு அவற்றைச் சொல்ல வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 22(1)ஆம் பிரிவு தொடக்கத்திலிருந்தே கேட்கிறது. பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் எழுத்துமூலம் தர வேண்டும் என்று பங்கஜ் பன்சல் தீர்ப்பு 2023இல் சொன்னது. 2024இல் பிரபீர் புர்காயஸ்தா தீர்ப்பு அதைச் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான ஊபாவுக்கும் நீட்டியது. எல்லோருக்கும் பொதுவாக அச்சடித்த வாசகம் போதாது, இந்த நபர் என்ன செய்தார் என்பது அதில் இருக்க வேண்டும் என்பதையும் அந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது. இது பின்பற்றப்பட்டதா என்று பார்ப்பது நடுவரின் கடமை என 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா தீர்ப்பு எல்லாக் குற்றங்களுக்கும் எழுத்துமூலம் கட்டாயம் என்றது. கைதானவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். உடனே எழுதித் தர வழியில்லாத நேரத்தில் வாய்மொழியாகச் சொல்லலாம். ஆனால் ரிமாண்டுக்கு ஆஜர்படுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது எழுத்தில் கையில் தர வேண்டும். தராவிட்டால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம். ஒடிசாவிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளியிடம் தமிழில் எழுதிய தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருந்தால் அது தந்ததாகவே ஆகாது. அவர் கையில் அந்தத் தாளின் நகல் இருக்கிறதா, எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டு, பதிலை உத்தரவிலேயே எழுதுங்கள்.

7 ஆண்டுகள் வரை தண்டனைக்குரிய குற்றங்களில், கைது ஏன் தேவைப்பட்டது என்ற சரிபார்ப்புப் பட்டியலைக் காவலர் தர வேண்டும் என்கிறது 2014இன் அர்னேஷ் குமார் தீர்ப்பு. காரணம் எழுதாமல் காவலில் வைக்க அனுமதிக்கும் நடுவர் மீது உயர் நீதிமன்றத்தின் துறை நடவடிக்கை வரலாம் என்றும் அதே தீர்ப்பு எச்சரித்தது. கட்டத்தில் வெறும் டிக் அடித்த பட்டியல் காரணம் ஆகாது.

அடுத்து உடல். மருத்துவச் சான்றில் 'காயம் இல்லை' என்றிருந்தாலும், காவலர்களைச் சற்று வெளியே நிற்கச் சொல்லிவிட்டு 'அடித்தார்களா' என்று நேரடியாகக் கேளுங்கள். நடக்கும்போதும் உட்காரும்போதும் தயங்குகிறாரா, துணியில் ரத்தக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாலும் இதில் விதிவிலக்கு இல்லை. சந்தேகம் வந்தால் வேறொரு அரசு மருத்துவமனையில் மறுபரிசோதனைக்கு உத்தரவிடுங்கள்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்த வழக்கில், நிலையத்தின் சிசிடிவி வன்தட்டில் 1 டெராபைட் இடம் இருந்தும், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரித்த நடுவர் கண்டறிந்தார். அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி தீர்ப்பு லாக்கப், நடைவழி, நுழைவாயில் என எங்கும் ஒலியோடு பதிவாக வேண்டும், 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்றது. தீர்ப்பு இருப்பதால் மட்டும் பதிவு தப்பிப்பதில்லை. அடித்தார்கள் என்று ஒருவர் உங்கள் முன் சொன்னால், அழைத்துவந்த நேரத்திலிருந்து ஆஜர்படுத்திய நேரம் வரையிலான பதிவைப் பாதுகாக்கும் உத்தரவை ரிமாண்ட் உத்தரவோடு அன்றே எழுதி, நகலை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
குற்ற வழக்கறிஞர்கள் சிலர்