மறுத்துச் சொல்லத் தயங்காதே, அம்மணி

அம்மணி,

சான் டியாகோவிலிருந்து சாண்டா பார்பராவுக்கு நீ தனியாக செஸ்னா குட்டி விமானத்தை எடுத்துக்கொண்டு ஐஎஃப்ஆரில், அதாவது வெளியே தெரியாவிட்டாலும் கருவிகளைப் பார்த்தே ஓட்டுகிற முறையில், போகப் போவதாக உங்கம்மா சொன்னாள். அதிலிருந்து மேப்பை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பீளமேட்டு ஏர்போர்ட் டவரில் கன்ட்ரோலராக இருந்தவன் ஆச்சே, பைலட் பார்க்கிற பக்கத்தை நீ பார்த்துக்கொள்வாய், கன்ட்ரோலர் பார்க்கிற பக்கத்தை நான் சொல்லுகிறேன்.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நேர்க்கோடு போட்டுப் பறக்கும் திட்டத்தை ஃபைல் பண்ணினால் அப்படியே கிடைக்காது. அங்கே டவர் என்ரூட் ரூட்டுகள் என்று அச்சிட்டே வைத்திருக்கிறார்கள், விமானத்தின் வேகத்துக்குத் தகுந்த மாதிரி பிரித்து, உயரமும் போட்டு. உன் வண்டிக்கு உரியதைப் பார்த்து அதையே ஃபைல் பண்ணு. அப்படியும் கிளியரன்ஸ், அதாவது கன்ட்ரோலர் கொடுக்கும் அனுமதி, வேறு மாதிரி வரலாம். அதனால் வேறு எந்தெந்த ரூட் வர வாய்ப்பிருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பெட்ரோல் கணக்குப் போட்டுக்கொள். இறங்கும் இடம், அங்கே இறங்க முடியாவிட்டால் அங்கிருந்து போகிற மாற்று இடமான ஆல்டர்னேட், அதற்கு மேல் 45 நிமிடம், இது சட்டம் கேட்கிற அளவு. என் மகளுக்கு அது போதாது, இன்னும் ஒரு மணி நேரத்துக்கு இருக்கட்டும்.

அப்புறம் ஆல்டர்னேட். போய்ச்சேரும் நேரத்துக்கு ஒரு மணி முன்னும் பின்னும் மேகம் 2,000 அடிக்குக் கீழேயோ, பார்வை 3 மைலுக்குக் குறைவாகவோ இருக்கும் என்று முன்னறிவிப்பு சொன்னால் கட்டாயம் ஒன்று போட வேண்டும். இங்கே ஜூன் மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கிறதே, உங்கள் பக்கம் அதே மாதத்தில் கடலிலிருந்து தாழ்ந்த மேகம் ஏறி வந்து கரையோரம் முழுக்க மூடிக்கொள்ளும். சாண்டா பார்பரா மூடினால் ஆக்ஸ்நார்டும் காமரில்லோவும் சேர்ந்தே மூடிக்கொள்ளலாம், பக்கத்தில் இருக்கிறது என்று அதை எழுதி வைத்து என்ன பிரயோஜனம்? மலைக்கு அந்தப் பக்கம், பாலைவனத்தில் லங்காஸ்டர் மாதிரி ஒரு ஊரைப் போடு. மலையைத் தாண்டும் உயரத்துக்கு ஏற ஆகும் பெட்ரோலையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

ரேடியோ போனால், ராடாரில் அதைக் காட்டும் குறியீடு 7600. அந்த மேகத்துக்கு மேலே வெயிலில் இருக்கும்போது போனால் திரும்ப உள்ளே இறங்காதே. தெளிவான வானத்திலேயே இருந்து, கண்ணால் பார்த்து இறங்க முடிகிற இடத்துக்குப் போ. மேகத்துக்குள் இருக்கும்போது போனால், கன்ட்ரோலர்கள் கடைசியாகச் சொன்ன ரூட்டிலேயே போ. உயரம் மட்டும் அவர்கள் கொடுத்தது, பிறகு கொடுப்பதாகச் சொன்னது, அந்த இடத்தின் குறைந்தபட்ச உயரம், இந்த மூன்றில் எது அதிகமோ அது.

இதையெல்லாம் நீயே படித்திருப்பாய். எனக்கு மனசில் உறுத்துகிறது வேறொன்று. பெரியவர்கள் எது சொன்னாலும் "சரிங்க" என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம், மைக்கில் அந்தப் பழக்கம் கூடாது. ஒற்றை எஞ்சின் வண்டியைக் கரையைவிட்டுத் தள்ளிக் கடலுக்கு மேல் போகச் சொல்வார்கள், எஞ்சின் நின்றால் கரைக்கு எட்டுமா என்று பார், எட்டாது என்றால் அங்கேயே "அனேபிள்", என்னால் முடியாது என்று சொல்லு. பின்னால் ஜெட் வருகிறது, வேகத்தை விடாதே என்பார்கள், முடிகிற வேகம் இத்தனை நாட் என்று எண்ணைச் சொல்லு. விமானத்தில் கடைசி முடிவு பைலட்டுடையது என்று உங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. நீ மறுத்தால் அந்தக் கன்ட்ரோலர் கோபித்துக்கொள்ள மாட்டார் கண்ணு. முன்கூட்டியே சொல்லிவிட்டால் வேறு வழி பார்க்க நேரம் இருக்கும். ஒத்துக்கொண்டுவிட்டு ஃபைனலில், ஓடுபாதைக்கு நேரே இறங்கி வரும் கடைசிக் கட்டத்தில், தடுமாறினால்தான் பின்னால் வருகிற ஏர்பஸையும் சேர்த்துத் திருப்ப வேண்டி வரும், அந்த நிமிடம் டவரில் வயிறு எப்படிக் கலங்கும் என்று எனக்குத் தெரியும்.

நீ ஃபைல் பண்ணியதையும் அவர்கள் கொடுத்த கிளியரன்ஸை நீ கையால் எழுதிய தாளையும் இறங்கியதும் போட்டோ எடுத்து அனுப்பு. ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்பா