'வண்டிக்கு – 3' சிடியைப் பாட வைத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். ஒவ்வொருத்தரையும் நேரில் பார்த்து நன்றி சொல்லத்தான் ஆசை. ஆனால் மாம்பழ சீசன் முடிந்து செடி நடுகிற சீசன் தொடங்கிவிட்டது, வண்டி சும்மா நிற்பதே இல்லை, அதனால் பொதுவில் எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. பாதிப் பேர் "என் பேரெல்லாம் வேணாம்பா" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். படித்தால் அவரவருக்குத் தெரிந்துவிடும்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: சந்தூரிலிருந்து மா ஒட்டுச்செடி ஏற்றிப் போக செகண்ட்ஹேண்டில் ஒரு ஆம்னி வேன் வாங்கினேன். அதன் பிளேயருக்குள் ஒரு சிடி மாட்டிக்கொண்டு, வெளியே வரவும் மாட்டேன் பாடவும் மாட்டேன் என்று கிடந்தது. விற்றவரைக் கேட்டால் அவருக்கு முன்னாலேயே வண்டி இரண்டு மூன்று கை மாறியிருக்கிறது, யார் போட்ட சிடி என்று அவருக்கும் தெரியவில்லை.

முதல் நன்றி கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் கார் ஆடியோ கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு. "இதைத் தூக்கிப் போட்டுட்டு புளூடூத் செட் மாட்டிக்கலாமே" என்றுதான் அவர் ஆரம்பித்தார், கடைக்காரர் வேறென்ன சொல்வார். செட் போனால் போகட்டும், உள்ளே இருக்கும் சிடிதான் வேண்டும் என்றதும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து செட்டை முழுசாகப் பிரித்தார். கிரானைட் லாரி ஓடுகிற ஊரில் வண்டிக்குள் எவ்வளவு தூசி சேரும் என்று அன்றைக்குப் பார்த்தேன். சிடியை எடுத்ததோடு விடாமல் பாடமும் நடத்தினார். நாம் எல்லோரும் பளபளவென்று இருக்கும் அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைக்கிறோம். அங்கே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் இருக்கிறது, லேசான கீறல் என்றால் சமாளித்துவிடும். பாட்டு பதிந்திருப்பது மேல்பக்கம், பேனாவால் எழுதுகிறோமே, அதற்கு நேர் கீழே. அங்கே சுரண்டினால் அந்த இடத்துப் பாட்டு போனது போனதுதான். துடைப்பதாக இருந்தாலும் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடைக்க வேண்டுமாம், வட்டமாகத் துடைத்தால் விழுகிற கீறல் பாட்டு ஓடுகிற தடத்தோடு சேர்ந்தே ஓடும், பிளேயரால் தாண்ட முடியாது. இத்தனையும் சொல்லிவிட்டு அண்ணன் காசு வாங்கவில்லை. அதைக் கடைசியில் பேசிக்கொள்கிறேன்.

சிடியின் மேல் கறுப்பு மார்க்கரில் 'வண்டிக்கு – 3' என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். அப்படியானால் ஒன்றும் இரண்டும் எங்கேயோ இருக்கின்றன.

அடுத்து தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடைத் தம்பி. இன்றைக்கு சிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டரைக் கண்டுபிடிப்பதே பெரிய வேலை. தம்பி மாடியில் கிடந்த பழைய டப்பாவை இறக்கி வந்து, ஆதார் அட்டை பிரிண்ட் எடுக்க வந்தவர்களையெல்லாம் காக்க வைத்து, குறைந்த வேகத்தில் சிடியை ஓட்டிக் காப்பி எடுத்தான். சிடி உள்ளிருந்து வெளியேதான் படிக்கப்படும், அதனால் முதல் பாட்டெல்லாம் நடுவில் பத்திரமாக இருந்தது, கடைசிப் பாட்டுகள்தான் வெளி ஓரத்தில் சிராய்ந்து போய்த் திக்கின. அதையும் தம்பி விடவில்லை.

தம்பி சொல்லித்தான் எனக்கு ஒன்று புரிந்தது. இது எம்பி3 சிடி இல்லை, ஆடியோ சிடி. எம்பி3யாகப் போட்டிருந்தால் அந்த 700 எம்பிக்குள் நூற்றைம்பது பாட்டாவது திணித்திருக்கலாம், அந்தக் காலத்தில் பிளாட்பாரக் கடையில் விற்றதெல்லாம் அப்படித்தான். ஆடியோ சிடி என்றால் 80 நிமிஷம்தான். அந்த 80 நிமிஷத்துக்குள் பதினேழு. இதைப் போட்டவர் எதையெல்லாம் வேண்டாம் என்று ஒதுக்கியிருப்பார் என்று யோசித்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. நூற்றைம்பது பாட்டு போடுகிறவருக்கு ரசனை தேவையில்லை, பெரிய பை இருந்தால் போதும்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். முதல் பாட்டு சீர்காழி கோவிந்தராஜன் குரலில் ஒரு முருகன் பாட்டு, நம் ஊர் பஸ்ஸிலும் டீக்கடையிலும் காலையில் எப்படியோ அப்படி. அப்புறம் பழைய தமிழ்ப் பாட்டுகள், ஜிக்கி, ஏ.எம். ராஜா, சுசீலா. எட்டாவது பி.பி. ஸ்ரீநிவாஸ் தமிழில் பாடுகிறார். ஒன்பதாவதும் அதே பி.பி. ஸ்ரீநிவாஸ், ஆனால் கன்னடம்! முதல் தடவை காரிமங்கலம் தாண்டிப் போகும்போது கேட்டேன், குரல் மாறவே இல்லையே, எனக்குத்தான் வார்த்தை புரியாமல் போய்விட்டதோ என்று சத்தத்தைக் கூட்டினேன். அதற்குப் பிறகு கன்னடமும் தெலுங்கும் கலந்தே வருகிறது.

ஆடியோ சிடியில் பாட்டின் பெயர் இருக்காது, 'டிராக் 09' என்று மட்டும்தான் காட்டும். கன்னடப் பாட்டுகளை யாரிடம் கேட்பது? தளியில் என்னிடம் செடி வாங்கிய டீச்சர் அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்க வைத்தேன். அக்கா, நீங்கள் ஒவ்வொரு பாட்டையும் பல்லவி வருவதற்குள்ளேயே சொன்னீர்கள், ஆர்மோனியப் பெட்டியைத் தட்டியபோதே சொன்ன பாட்டும் உண்டு. கன்னடத்தில் நடிகர் ராஜ்குமாருக்குப் பல வருஷம் குரல் கொடுத்தவர் பி.பி. ஸ்ரீநிவாஸ்தான், எழுபதுகளின் நடுவில்தான் ராஜ்குமார் தனக்குத் தானே தொடர்ந்து பாட ஆரம்பித்தார், அதனால்தான் சிடி போட்டவர் ஒன்பதுக்கு அடுத்து பத்தாவதாக ராஜ்குமாரின் சொந்தக் குரலை வைத்திருக்கிறார் என்று நீங்கள் சொன்ன பிறகு அந்த மூன்று பாட்டையும் பிரித்துக் கேட்க முடியவில்லை. காக்கிநாடாவில் பிறந்த ஸ்ரீநிவாஸ் தமிழில் பாடி, கன்னடத்தில் பாடி, அப்புறம் அவர் குரல் கொடுத்தவரே வந்து பாடுகிறார். வரிசை என்றால் இது வரிசை.

இதைப் போட்டவர் யார் என்பதில் காவேரிப்பட்டணம் டீக்கடையில் பெரிய விவாதமே நடந்தது, அங்கே இருந்த எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக ரிட்டயர்டு பஸ் டிரைவர் மாமாவுக்கு. மாமா கணக்கு இது: தருமபுரியில் சிடியைப் போட்டால் பாதி முடியும்போது கிருஷ்ணகிரி டோல்கேட் வரும், கன்னடம் ஆரம்பிக்கும், முடியும்போது ஓசூரை நெருங்கலாம். ஆகவே பெங்களூருக்குத் தக்காளி லோடு அடித்த ஆள். (டோல்கேட்டில் நிற்கிற நேரத்தை மாமா சேர்க்கவில்லை.) இதை டீச்சர் அக்காவிடம் சொன்னால் சிரிக்கிறார். "எங்க வீட்ல அம்மா கன்னடம், பாட்டி தெலுங்கு, நான் சம்பளம் வாங்குறது தமிழ். எங்க ரேடியோவே இப்படித்தான் பாடும், இதுக்கு எதுக்கு பெங்களூரு போகணும்?" எனக்கு அக்கா பக்கம்தான் சரியென்று படுகிறது. ஓசூர், தளி, சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும், ஒரே தெருவில் மூன்று பாஷையும் கேட்கும். மாமா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

பதினேழாவதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அது சினிமாப் பாட்டே இல்லை. கேசட் இரைச்சல், ஆர்மோனியம், தாளம், முகவீணை, நடுவில் ஒரு குழந்தை அழுகிறது, யாரோ அதட்டுகிறார்கள். கூத்து என்று தெரிந்தது, என்ன கூத்து என்று தெரியவில்லை. பாலக்கோடு பக்கம் இருக்கும் கூத்து வாத்தியார் ஐயா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனை அவர் காதருகே பிடித்தேன். ஐயா கண்ணை மூடிக்கொண்டார். "கர்ண மோட்சம். போருக்குப் போற கர்ணன் பொண்டாட்டி பொன்னுருவிகிட்ட வந்து நிக்கிறான்." மறுபடி போடச் சொன்னார். தாளம் இவ்வளவு ஓங்கிக் கேட்பதால் டேப்ரெக்கார்டரைத் தாளக்காரர் பக்கத்தில் வைத்துப் பிடித்திருக்கிறார்கள், பொன்னுருவி வேஷம் கட்டியவர் நல்ல சாரீரக்காரர், விடிகாலையில் பிடித்ததாக இருக்கும், தொண்டை கட்டியும் சுருதி விலகவில்லை என்றார். எந்த ஜமா, அதாவது எந்தக் கூத்துக் குழு என்று மட்டும் அவராலும் சொல்ல முடியவில்லை. ஐயா, உங்கள் வீட்டில் கொடுத்த ராகிக் களிக்கும் சேர்த்து நன்றி.

கடைசியாக, 'வண்டிக்கு – 3' போட்டவருக்கு. நீங்கள் ஆணா பெண்ணா, அண்ணனா தங்கையா என்று எதுவும் தெரியாமல் உங்கள் வரிசையில் தினமும் பாட்டு கேட்கிறேன். போனில் பாட்டு கேட்டால் பாதியில் தள்ளிவிட்டுக்கொண்டே போவேன், உங்கள் சிடியில் தள்ள மனசு வருவதில்லை, எனக்குப் பிடிக்காத நாலாவது பாட்டைக்கூட ஐந்தாவதுக்காகப் பொறுத்துக்கொள்கிறேன். (நாலாவதை ஏன் வைத்தீர்கள் என்று ஒரு நாள் கேட்க வேண்டும்.) வண்டியில் ஓடுவது காப்பிதான். உங்கள் கையெழுத்து உள்ள சிடி வெயில் படாமல் உறை போட்டு பீரோவில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கூத்துப் பாட்டு உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது பாடியதாக இருந்தால் கட்டாயம் வாருங்கள், வாத்தியார் ஐயாவும் பார்க்க வேண்டும் என்கிறார். ஒன்றும் இரண்டும் வேறு யார் வண்டியிலாவது மாட்டிக்கொண்டிருந்தால் தூக்கி எறிந்துவிடாமல் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், பிரிக்கத் தெரிந்த ஆள் இருக்கிறார்.

ஆடியோ கடை அண்ணா, காசுதான் வேண்டாம் என்றீர்கள். உங்களுக்கென்று இரண்டு பெங்களூரா மா ஒட்டுச்செடி எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த லோடில் வருகிறது. வீட்டில் இடம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், அண்ணியிடம் கேட்டுவிட்டேன், பின்னால் இடம் இருக்கிறதாம்.